விபத்துக் கணக்கு இல்லாத சாலை: வேகத்தை அளப்பதா, மயிரிழையில் தப்புவதை எண்ணுவதா?

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை போட்டாயிற்று. பலன் உண்டா? காவல் நிலையப் பதிவேடு இதற்கு உதவாது. சின்ன அடிகள் அங்கே ஏறுவதே இல்லை. ஏறினாலும், ஓரிடத்தில் வருடத்துக்கு ஒன்றிரண்டு விபத்தை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. நாலைந்து வருடம் காத்திருந்து கணக்குப் பார்ப்பது பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது.

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வீடு வீடாகப் போய், பிள்ளைகளுக்கு அடிபட்டதா என்று கேட்டார்கள். சாலைப் பாதுகாப்பு வேலை நடந்த பள்ளிகளையும் நடக்காத பள்ளிகளையும் ஒப்பிட்டார்கள். காயங்கள் கால் பங்குக்கு மேல் குறைந்திருந்தன. இதைவிட உறுதியான சான்று கிடைக்காது. ஆனால் ஒரு பஞ்சாயத்தால் இவ்வளவு ஆட்களைத் திரட்ட முடியுமா?

நட்சத்திர மதிப்பீடு மலிவு. நூறு மீட்டர் துண்டுகளாகச் சாலையைப் படம்பிடித்து ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் தருவார்கள். எந்தச் சாலையை முதலில் சரிசெய்வது என்று தேர்வு செய்ய நல்லது. போட்ட வேகத்தடை வேலை செய்கிறதா என்பதை அது சொல்லாது. ஓரத்து இடைவெளியில் பைக்குகள் நழுவிப் போவது அதில் தெரியாது.

வேகத்தை அளந்தால் அது தெரிந்துவிடும். சராசரி வேகம் ஒரு சதவீதம் கூடினால் உயிரிழப்பு விபத்து நான்கு சதவீதம் கூடும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே வேகம் குறைந்தாலே பெரிய செய்திதான். ஆனால் தடைக்கு மேலேயே அளந்தால் ஏமாந்து போவோம். பிரேக் போட்டவர் ஐம்பது மீட்டர் தாண்டி மறுபடி முறுக்குவார்; பிள்ளைகள் கடக்கும் இடத்தில்தான் அளக்க வேண்டும். அதுவும் மறைவாக நின்று. வேகம் அளக்கும் கருவியோடு ஆள் நிற்பதைக் கண்டால் எல்லோரும் நல்லவர்களாகிவிடுவார்கள்.

சரி, நாலு பக்கமும் வண்டி திரும்பும் சந்திப்பு என்றால்? அங்கே வேகம் மட்டும் போதாது. வீடியோ எடுத்து, ஒருவர் விலகிய இடத்துக்கு அடுத்தவர் எத்தனை நொடியில் வருகிறார் என்று பார்க்க வேண்டும். ஒன்றரை நொடிக்குக் கீழே என்றால் மயிரிழையில் தப்பியது என்று கொள்ளலாம். கூடவே கடக்கும் ஆட்களையும் எண்ண வேண்டும். பயந்துபோய் யாருமே கடக்காவிட்டாலும் மயிரிழையில் தப்பும் எண்ணிக்கை குறையும். அதைப் பாதுகாப்பு என்று எழுதிவிடக் கூடாது.

என்னைக் கேட்டால், நேர்ச்சாலைக்கு வேகம், சந்திப்புக்கு வீடியோ. ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் வேகம். எதுவானாலும் தார் போடுவதற்கு முன்பே ஒருமுறை அளந்து வைக்க வேண்டும், பிறகு அதே கிழமை, அதே நேரத்தில் மறுபடியும். முன்பு அளக்கத் தவறியிருந்தால், இன்னும் வேலை நடக்காத, இதே போக்குவரத்துள்ள பக்கத்துச் சாலையோடு ஒப்பிட வேண்டியதுதான்.