வி.ஜி. பிளஸ்ஸா, ‘நல்ல கண்டிஷனா’, கையில் பிடித்துப் பார்ப்பதா? பழைய ரெக்கார்டு வாங்க மூன்று வழிகள்

போன சித்திரையில் பாளையங்கோட்டை வீட்டுக்கு ஒரு எல்.பி. (லாங் பிளே என்ற பெரிய ரெக்கார்டு) வந்தது. எழுபதுகளின் தமிழ்ப்படப் பாட்டு, இந்தியாவிலேயே அச்சானது. விலை 1,200 ரூபாய், கூரியர் 150. விற்றவர் வேறு மாநிலத்துக்காரர், ‘வி.ஜி. பிளஸ்’, அதாவது ‘வெரி குட் பிளஸ்’ என்று தரம் போட்டிருந்தார். உறையிலிருந்து எடுத்தால் கறுப்பு பளபளவென்று இருந்தது. சந்தோஷமாக ஊசியை வைத்தேன். இரண்டாவது பாட்டில் ஆரம்பித்தது. டிக். கொஞ்சம் பொறுத்து இன்னொரு டிக். எல்.பி.யின் வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று, ஒரு சுற்றுச் சுற்ற 1.8 விநாடி ஆகும். குறுக்கே ஒரு கீறல் இருந்தால் சுற்றுக்கு ஒரு தடவை ஊசியைத் தட்டும். நிமிடத்துக்கு 33 டிக். தாளக்காரர் கூட இவ்வளவு கச்சிதமாக வாசிக்க மாட்டார்.

விற்றவருக்குச் செய்தி அனுப்பினேன். முதல் பதில், “உங்க ஊசி சரியில்லை.” அதே ஊசியில் மற்ற ரெக்கார்டுகள் சுத்தமாகப் பாடுவதை வீடியோ எடுத்து அனுப்பினேன். அடுத்த பதில், “கழுவிப் பாருங்க.” கழுவினேன், டிக் போகவில்லை. மூன்றாவது பதில், “ஐம்பது வருஷப் பழசு சார், கொஞ்சம் சத்தம் இருக்கத்தான் செய்யும்.” ஒரு வாரம் இழுத்து 300 ரூபாய் திருப்பித் தந்தார். அவருக்கும் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை.

அவர் பொய் சொன்னதாக இன்றைக்கும் நான் நினைக்கவில்லை. டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்திருக்கிறார், பளபளவென்று இருந்திருக்கிறது, தரத்தை எழுதிவிட்டார். ஊசி வைத்துக் கேட்கவே இல்லை. கண்ணால் பார்த்துப் போட்ட தரத்துக்கும் காதால் கேட்டுப் போட்ட தரத்துக்கும் எழுத்து ஒன்றுதான். சண்டையெல்லாம் அங்கேதான் பிறக்கிறது. திருநெல்வேலியில் உட்கார்ந்துகொண்டு ரெக்கார்டு வாங்குகிறவனுக்கு உள்ள மூன்று வழிகளையும் கண்ணா காதா என்ற இந்த ஒரு கணக்கை வைத்தே பார்க்கிறேன்.

எழுத்தில் தரம் போடும் சந்தை

வெளிநாட்டுத் தளங்களில், குறிப்பாக ரெக்கார்டு வாங்கி விற்கும் டிஸ்காக்ஸில், கோல்ட்மைன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளர் பத்திரிகையின் தர வரிசைதான் புழங்குகிறது. மேலே மின்ட், அடுத்து நியர் மின்ட், அப்புறம் வெரி குட் பிளஸ், வெரி குட், குட் பிளஸ், குட், கடைசியில் ஃபேர், புவர். பள்ளிக்கூடத்து நோட்டில் டீச்சர் ‘குட்’ என்று எழுதினால் வீட்டில் காட்டி மிட்டாய் வாங்கியவர்கள் நாம். இங்கே ‘குட்’ என்றால், ஊசி குதிக்காமல் கடைசிவரை ஓடும், ஆனால் இரைச்சலும் கீறலும் தாராளமாக இருக்கும் என்று பொருள். ‘வெரி குட்’டிலேயே மெதுவான இடங்களிலும் பாட்டு தொடங்கும், முடியும் இடங்களிலும் இரைச்சல் கேட்கும் என்று விளக்கத்தில் இருக்கிறது. இது தெரியாமல் ‘வெரி குட்’ வாங்கிவிட்டு விற்றவரைத் திட்டுகிறவர்கள் உண்டு. அதில் விற்றவர் பக்கம்தான் நியாயம்.

பணக்கணக்கும் இதற்குள்ளேயே இருக்கிறது. அந்த வழிகாட்டுதல்படி நியர் மின்டின் விலையில் பாதி வெரி குட் பிளஸ்ஸுக்கு, கால்வாசி வெரி குட்டுக்கு. அதாவது ஒரு கூட்டல் குறிக்கு விலை இரண்டு மடங்கு. அந்தக் குறியைச் சேர்க்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற விற்பனையாளரின் கை எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை. இங்கிலாந்துக்காரர்கள் ரெக்கார்ட் கலெக்டர் என்ற தங்கள் பத்திரிகையின் வரிசையைப் பின்பற்றுவதும் உண்டு. அதில் மின்டுக்குக் கீழே எக்ஸலன்ட், அதற்கும் கீழேதான் வெரி குட். அதனால் எந்த வரிசை என்று கேட்காமல் எழுத்தை மட்டும் நம்பக் கூடாது.

இந்த வழியின் பெரிய பலம் பணப் பாதுகாப்பு. பேபாலில் கட்டினால், சொன்னது ஒன்று வந்தது ஒன்று என்று 180 நாட்களுக்குள் புகார் போடலாம். (நம் நாட்டுக்குள்ளேயான பணப் பரிமாற்றத்தை அவர்கள் 2021 ஏப்ரலோடு நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டு வியாபாரத்துக்கு மட்டும்தான் இப்போது உதவும்.) ஆனால் ஜெயித்தாலும் தலைவலிதான். ரெக்கார்டைத் திருப்பி அனுப்பும் தபால் செலவு பல சமயம் ரெக்கார்டின் விலையையே தாண்டும். கட்டிய சுங்கவரியைத் திரும்ப வாங்க அலைவதை நினைத்தாலே ஆயாசம். அதனால் பாதிப் பணத்தை வாங்கிக்கொண்டு வாயை மூடுவதுதான் நடக்கிறது.

இன்னொன்று, அந்த வரிசை நம் ஊர் வீட்டு அலமாரியைப் பார்த்து எழுதியது இல்லை. பூசணத்துக்கு அதில் தனிக் கட்டம் கிடையாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்து போன பிறகு, உறையில் காபிக்கறை மாதிரி தண்ணீர்க்கோடு ஏறிய ரெக்கார்டுகள் இங்கே சந்தைக்கு வந்தன. கவர் போச்சு, ஆனால் கழுவினால் தட்டு பல சமயம் நன்றாகவே பாடுகிறது. தட்டுக்கும் கவருக்கும் தனித்தனியாகத் தரம் போடும் பழக்கத்தை மட்டும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

‘நல்ல கண்டிஷன் அண்ணா’

இரண்டாவது வழி வாட்ஸப், முகநூல் குழுக்கள். இங்கே எழுத்துத் தரம் கிடையாது. ‘சூப்பர் கண்டிஷன்’, ‘பிளேயிங் கண்டிஷன்’, ‘வயசுக்கு நல்லா இருக்கு’ என்று மூன்றே தரம். இதில் கடைசியாகச் சொன்னதுதான் யோக்கியமானது. பணம் யு.பி.ஐ.யில் போகும், போனால் போனதுதான். நாமே விரும்பி அனுப்பிய பணத்தை, சரக்கு சரியில்லை என்று எந்த வங்கியும் பிடுங்கித் தராது.

இருந்தும் நான் அதிகம் வாங்குவது இந்த வழியில்தான். காரணம், விற்பவரோடு பேசலாம். பேசி, காதுக்கு ஆதாரம் கேட்கலாம்.

என்ன கேட்பது என்பதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதல் பாட்டைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். அது வீண். எல்.பி. ஒரே வேகத்தில் சுற்றினாலும், வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் பாட்டைச் செதுக்கிய பள்ளம் விநாடிக்குச் சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. லேபிள் பக்கம் போகும்போது அது 21 சென்டிமீட்டர்தான். அதே ஒரு விநாடிப் பாட்டை அங்கே பாதி இடம்கூட இல்லாமல் நெருக்கிச் செதுக்கியிருக்கிறார்கள். தேய்மானம் முதலில் காதில் விழுவது அங்கே. எச்.எம்.வி. ஃபியஸ்டா மாதிரி பெட்டி பிளேயர்கள் வீட்டுக்கு வீடு இருந்த காலத்தில், இன்றைய ஊசிகள் இரண்டு கிராம் அளவில் அழுத்துகிற இடத்தில் அந்தச் செராமிக் ஊசிகள் பல மடங்கு அழுத்தின. அதையும் வருஷக்கணக்கில் மாற்றாமல் ஓட்டினோம். தேய்ந்த ஊசி பள்ளத்தின் சுவரைச் சீவிவிடும். மேலே ஒரு கீறலும் தெரியாது. சுசீலாவின் குரலில் ‘ச’ வருகிற இடமெல்லாம் சீறும், நாதஸ்வரம் மேலே ஏறினால் கிழியும். பளபளக்கும் ரெக்கார்டு ஏமாற்றுவது இப்படித்தான்.

அதனால் நான் கேட்பது இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு, அதிலும் கடைசி ஒரு நிமிடம். அதையும் வீடியோ காலில் கேட்பதில்லை. பேச்சைத் தவிர மற்றதெல்லாம் இரைச்சல் என்று நினைத்துப் போனே அதை அமுக்கிவிடும். தாளிக்கிற சத்தத்தோடு ஓடும் ரெக்கார்டு காலில் தேனாகப் பாடும். பதிவு செய்து ஃபைலாக அனுப்பச் சொல்ல வேண்டும், மின்விசிறியை நிறுத்திவிட்டு. அப்புறம் ஒரு படம். டியூப்லைட்டில் வேண்டாம். அறையை இருட்டாக்கி, இன்னொரு போனின் டார்ச்சைச் சாய்வாக அடித்து எடுக்க வேண்டும். மயிரிழைக் கோடு எல்லாம் அதில் எழுந்து நிற்கும். நடுத்துளையைச் சுற்றி லேபிளையும் கிட்டத்தில் எடுக்கச் சொல்வேன். துளை தெரியாமல் தடவித் தடவி வைத்த கோடுகள் அங்கே நிறைய இருந்தால், அது நிறைய ஓடிய ரெக்கார்டு. ‘ஒரே ஒரு தடவை கேட்டது’ என்ற கதைக்கு அந்த லேபிளே பதில் சொல்லிவிடும்.

இவ்வளவு கேட்டால் பாதிப் பேர் பதில் போட மாட்டார்கள். போகட்டும். மீதிப் பாதியோடு எனக்குச் சண்டை வந்ததே இல்லை.

பேட்டையில் ஒரு அண்ணாச்சி

மூன்றாவது வழி நேரில் போவது. பேட்டைப் பக்கம் முன்பு ரேடியோ செட் வைத்திருந்த அண்ணாச்சி ஒருவரிடம் எல்.பி.யும் அதைவிடச் சின்ன இ.பி.யும் கதை வசன ரெக்கார்டுமாகப் பெட்டி பெட்டியாக இருக்கிறது. கல்யாண வீட்டில் அடுத்த செட்காரனோடு மாறிவிடாமல் இருக்க ஒவ்வொரு லேபிளிலும் பேனாவால் எண் போட்டிருப்பார். சேகரிப்பவர் பார்த்தால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நான் கையில் எடுத்தது 137. தட்டு கறுப்பாக இல்லை, சாம்பல் பூத்திருந்தது. வாசல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு துடை துடைத்தார், எனக்கு உயிர் போய் வந்தது.

“என்ன தம்பி, அப்படிப் பாக்கீய?”

“கீறல் பாக்கேன் அண்ணாச்சி.”

“கீறல் கிடக்கட்டும். சிக்காம கடைசி வரைக்கும் ஓடுதா, அதான் கணக்கு. பந்தி நடக்கையில சிக்கிச்சுன்னா அத்தன பேரும் நம்மளத்தான் திரும்பிப் பாப்பாவ.”

கோல்ட்மைன்காரர்கள் ‘குட்’ என்பதற்கு எழுதி வைத்த விளக்கமும் கிட்டத்தட்ட இதுதான். கூம்பு ஸ்பீக்கரில் தெரு முழுக்கக் கேட்க வேண்டியவருக்கு அந்தத் தரம் போதும். ராத்திரி ஹெட்ஃபோனில் கேட்கிற எனக்குப் போதாது. 137ஐ அவரிடமே போட்டுக் கேட்டேன், சிக்கவில்லை, மழை மாதிரி இரைச்சலோடு சேர்ந்து பாடியது. 150 ரூபாய்க்குப் பேசி வாங்கினேன். கேட்டுவிட்டு வாங்கியதால் அதில் தகராறுக்கு இடமே இல்லை.

நேரில் போவதில் இன்னொரு லாபம், நெளிவு உடனே தெரியும். மேஜையில் வைத்துக் கண்மட்டத்தில் பார்த்தால் போதும். கூரியரில் வருவது கத்திரி வெயிலில் வண்டிக்குள் வெந்து, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி வந்து சேர்ந்தால், குற்றம் விற்றவருடையதா, வழியில் நடந்ததா என்று யாரும் நிரூபிக்க முடியாது. சித்திரை, வைகாசியில் நான் இப்போது எதையும் தபாலில் வரவழைப்பதில்லை. அண்ணாச்சியிடம் நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் பழைய அரக்குத் தட்டுகளும் உண்டு. அவற்றை வாங்குகிறவர்கள் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்துவிடாதீர்கள், அரக்கு கரைந்துவிடும். எல்.பி.யின் வினைல் பிளாஸ்டிக்குக்குச் சரியான மருந்து இதற்கு விஷம்.

குறை, தேர்வு செய்ய இடம் கிடையாது. பெட்டியில் இருப்பதுதான். தேடும் ரெக்கார்டு இந்த வழியில் கிடைப்பது அதிர்ஷ்டம்.

யாரிடம் எதை வாங்குவது

இங்கே அச்சாகி இங்கேயே சுற்றும் தமிழ் ரெக்கார்டு என்றால் குழுக்கள், அதுவும் மேலே சொன்ன பதிவைக் கேட்ட பிறகு. உள்ளூரில் கிடைக்கவே கிடைக்காதது, விலை அதிகமானது என்றால் வெளிநாட்டுத் தளம். அங்கே ஊசி வைத்துக் கேட்டுத் தரம் போட்டேன் என்று எழுதியிருப்பவர்களிடம் மட்டும் வாங்குவேன். கண்ணால் மட்டும் பார்த்தேன் என்றால் ஒரு படி இறக்கிக் கணக்குப் போடுவேன். அவர் பிளஸ் போட்டால் நான் வெரி குட் விலைதான் மனதில் வைப்பேன். ஒத்துவராவிட்டால் விட்டுவிடுவேன். காசு குறைவு, கேட்கும் ஆசை அதிகம் என்றால் அண்ணாச்சி மாதிரி ஆட்கள்.

தகராறு வந்துவிட்டால் திருப்பி அனுப்புவது, பாதிப் பணம் வாங்குவது இரண்டில் எது என்று கேட்பார்கள். ஊசி குதித்தால் திருப்பி அனுப்புவேன், அந்த ரெக்கார்டு கையில் இருந்து பயனில்லை. இரைச்சல் மட்டும்தான் என்றால், இந்தத் தரத்துக்கு என்ன விலை கொடுத்திருப்பேனோ அதற்கும் கொடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தைக் கேட்பேன். பொத்தாம்பொதுவாக ‘ஏதாவது பாத்துக் குடுங்க’ என்றால் 300 ரூபாய்தான் வரும். கால்வாசி விலைக்கான ரெக்கார்டைப் பாதி விலைக்கு வாங்கியிருந்தேன். நியாயமாக 600 கேட்டிருக்க வேண்டும்.

கேட்பதற்கு முன்னால், வந்த பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்துவிடுங்கள். கழுவுவதற்கு முன் ஒரு பதிவு, கழுவிய பின் ஒரு பதிவு. அதே ஊசியில் வேறு நல்ல ரெக்கார்டு ஓடுவது ஒரு பதிவு. எனக்கு வந்த மூன்று பதில்களில் முதல் இரண்டுக்கு இது முன்கூட்டியே மறுமொழி. அந்த டிக் ரெக்கார்டை ஒரு நாள் அண்ணாச்சியிடம் கொண்டுபோய் அவர் பிளேயரில் போட்டேன். இரண்டாவது பாட்டு வந்தது, டிக் டிக்கென்று தட்டியது, சிக்காமல் தாண்டிப் போனது. அவர் கடைசிவரை கேட்டுவிட்டு, “இதுக்கா தம்பி ஒரு வாரம் சண்ட போட்டீய?” என்று கேட்டுக்கொண்டே பேனாவைத் தேட ஆரம்பித்தார். எண் போட்டுவிடப் போகிறாரே என்று ரெக்கார்டைப் பிடுங்காத குறையாக எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.