365 யூவி ரோச் + போன் கிளிப் லென்ஸ்: பழைய மரவாகனத்தில அடிச்சுப் பாத்த கதை

ஒன்லைன்ல விக்கிற யூவி (புற ஊதா வெளிச்சம்) ரோச்சுகளுக்குக் கீழ பாத்தா எல்லாரும் கள்ளக்காசு பிடிக்கலாம், ஏசி லீக் பாக்கலாம் எண்டுதான் எழுதியிருக்கினம், பெயின்ற் அடிச்ச பழைய மரச்சாமானுக்கு இது உதவுமோ எண்டு ஒருத்தரும் எழுதேல்லை, அதால நான் எழுதுறன். நான் எடுத்தது 365 நனோமீற்றர் அலைநீளம், முன்னுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டது, யூஎஸ்பில சார்ஜ் ஏத்தலாம். அதோட போன் கமராவில கொழுவுற குட்டி மைக்ரஸ்கோப் லென்ஸ் ஒண்டும். கூரியர் காசோட ரெண்டும் 8,000 ரூபாக்குள்ள முடிஞ்சுது.

வாங்கின காரணம் ஒரு மரக்குதிரை. ஒட்டுசுட்டான் பக்கம் எங்கட ஊர்க் கோயில், பேர் வேண்டாம், 2009க்குப் பிறகு சனம் திரும்பி வந்து பாக்கேக்க வாகனசாலையில மிஞ்சிக் கிடந்தது அது மட்டும்தான். அதுக்குப் பிறகு திருவிழாவுக்குத் திருவிழா மேலால எனாமல் அடிச்சு அடிச்சு இப்ப குதிரைக்குக் கண் இமை கூடத் தெரியாமல் மூஞ்சி மொழுங்கிப் போச்சு. இந்த முறை கிரைண்டர் பிடிச்சு மரம் தெரியச் சுரண்டிப்போட்டு புதுசா அடிப்பம் எண்டு நிர்வாக சபை நிண்டுது. நான் அந்த நேரம் எகிப்துச் சவப்பெட்டியளைப் பற்றிக் கிடைச்சதெல்லாம் வாசிச்சுக்கொண்டு திரிஞ்சனான், ஒரு நாள் பொறுங்கோ தலைவர் ஐயா, சுரண்ட முதல் என்ன கிடக்கு எண்டு பாப்பம் எண்டு கேட்டன். உனக்கு வேற வேலையில்லையோ தம்பி எண்டார். ஆனா பொறுத்தார்.

எகிப்துக்கும் எங்கட குதிரைக்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பியள். சாமான் கிட்டத்தட்ட ஒரே அடுக்குத்தான். எகிப்துக்காரருக்கு நீளமான நல்ல பலகை குறைவு, காசுள்ளவன் லெபனான்ல இருந்து சீடர் மரம் எடுப்பிச்சான், மற்றவைக்கு எங்கட அத்தியின்ர சொந்தக்கார மரம் ஒண்டு, வேல மரம், இப்பிடித்தான். துண்டு துண்டாப் பொருத்தி, மரமுளை அடிச்சு, இடைவெளியை மண்ணும் சுண்ணாம்பும் கலந்த பசையால அடைச்சு, சில இடத்தில துணி ஒட்டி, மேல வெள்ளைப் பூச்சு, அதுக்கு மேலதான் நிறம், சிலதுக்கு அதுக்கும் மேல மரப்பிசின் வார்னிஷ். கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில நெஸ்பவெர்ஷெஃபிட் எண்ட கோயில் அதிகாரி ஒருத்தற்ற சவப்பெட்டி கிடக்கு, 3,000 வருசப் பழசு, 1822ல மியூசியத்துக்கு வந்தது. அதை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோய் சிரி ஸ்கான் எடுத்துப் பாத்தா உள்பெட்டியில வேறொரு பழைய சவப்பெட்டியின்ர பலகையளையும் வெட்டிப் போட்டிருக்கிறாங்கள். வார்னிஷ் காய முதல் மூடியைத் தூக்கினவன்ர விரல் அடையாளம் கூட அதில அப்பிடியே கிடக்கு. இதை வாசிச்ச பிறகு கிரைண்டர் சத்தத்தைக் கேக்க எனக்கு வயித்தைக் கலக்காதோ?

மியூசியக்காரர் இப்பிடி ஒரு பெட்டி வந்தா முதல் வேலையா துடைக்கவோ ஒட்டவோ மாட்டினம், பாப்பினம். சாதாரண வெளிச்சம், பக்கவாட்டில சாய்ச்சு அடிக்கிற வெளிச்சம், யூவி, இன்ஃப்ராரெட். யூவி அடிச்சா பழைய பிஸ்ராசியா (பிஸ்தா இனத்து மரம்) பிசின் வார்னிஷ் ஒரு மஞ்சள் சாயலில ஒளிரும், பிற்காலத்தில ஆரோ திருத்தி அடிச்ச இடம் கறுத்து நிக்கும். எகிப்தில ஃபையூம் பக்கத்து மம்மி முகப்படங்களில, அது ரோமர் காலம், மெல்லிய பலகையில கீறினது, மஞ்சிட்டி இனத்து வேரில எடுத்த ரோஸ் நிறம் பாவிச்ச இடம் செம்மஞ்சளா எரியும். இதெல்லாம் என்ர ரோச்சுக்கும் விளங்கிற சங்கதி.

விளங்காத சங்கதியும் கிடக்கு, விக்கிறவன் அதைச் சொல்லமாட்டான். பெட்டியில "மறைஞ்ச லேயர் எல்லாம் தெரியும், அன்ரிக் வயசு கண்டுபிடிக்கலாம்" எண்டு அடிச்சு வைச்சிருக்கிறாங்கள், சுத்தப் புளுகு. எகிப்து நீலத்தை எடுங்கோ, மணலும் செம்பும் சுண்ணாம்பும் ஒரு உவர்ச்சோடாவும் சேர்த்து 900 பாகை அளவில சூடாக்கி எடுத்தது, மனிசர் செய்த முதல் செயற்கை நிறங்களில ஒண்டு. அதுக்கு சாதாரண வெளிச்சம் அடிச்சா 910 நனோமீற்றர் பக்கம் கண்ணுக்குத் தெரியாத இன்ஃப்ராரெட்டை விடும். ஜியோவானி வெர்ரி எண்டவர் 2009ல இதைப் படம்பிடிக்கிற முறையை விபரமா எழுதினவர், இன்ஃப்ராரெட் பில்ரரைக் கழட்டின கமரா வேணும், அப்ப கண்ணுக்கு நீலமே தெரியாத இடத்தில கூட மிஞ்சின ஒண்டு ரெண்டு துகள் வெள்ளையா மின்னும். இந்த ரோச்சால அது ஏலாது, உங்கட போனாலயும் ஏலாது. வயசு எண்டதுக்கு வேற மெஷின், நிறத்தில என்ன உலோகம் இருக்கு எண்டதுக்கு எக்ஸ்ஆர்எஃப் எண்ட எக்ஸ்ரே சோதனை, பிசின் என்ன மரத்தின்ர எண்டதுக்கு ஒரு துகள் எடுத்து வேற சோதனை. ரோச் "இந்த இடத்தில ஏதோ வித்தியாசம் கிடக்கு" எண்டு காட்டும், அந்த ஏதோ என்ன எண்டு சொல்லாது. இதை விளங்கி வாங்கினா ஏமாற மாட்டியள்.

சரி, குதிரை. இரவுப் பூசை முடிஞ்சு, லைற் எல்லாம் நிப்பாட்டி, வாகனசாலைக் கதவையும் சாத்திப்போட்டு அடிச்சம். முதல்ல எரிஞ்சது ஐயற்ற வேட்டி, சவர்க்காரத் தூளில வெள்ளை தெரியப் போடுற சாமான் யூவிக்கு நீலமா ஒளிரும், அதால வெள்ளை உடுப்பு உடுத்தவை தள்ளி நிக்கவேணும் இல்லாட்டி படத்தில அவைதான் விழுவினம். பிறகு குதிரையின்ர கழுத்தும் முகமும் இருண்ட ஊதா. அது இப்பத்தைய வெள்ளைப் பெயின்ற், டைட்டானியம் வெள்ளை யூவியைக் குடிச்சுப்போடும். ஆனா வயித்துக்குக் கீழ, பெயின்ற்காரர் குனியப் பஞ்சிப்பட்டு விட்ட இடத்தில, மங்கலா மஞ்சள் பச்சை. அது பழைய வார்னிஷோ, பழைய காலத்துச் சிங்க் வெள்ளையோ, ரெண்டும் அப்பிடி மினுங்கும். முன்னங்காலில நீலவெள்ளைக் கோடு ஒண்டு, கால் முறிஞ்சு வெள்ளைப் பசை போட்டு ஒட்டியிருக்கு, அங்க நிண்ட ஒருத்தருக்கும் அது முறிஞ்ச கதையே தெரியாது!

இங்க ஒரு எச்சரிக்கை, எங்கட கோயில் சாமானுக்கெண்டு விசேசமானது: மஞ்சள். மஞ்சள்தண்ணி தெளிச்ச இடம், மஞ்சள் கை பட்ட இடம் எல்லாம் பச்சை கலந்த மஞ்சளா பத்தி எரியும். அதைப் பாத்து பழைய வார்னிஷ் எண்டு துள்ளப்படாது. திட்டுத்திட்டா, கைக்கு எட்டுற உயரத்தில மட்டும் கிடந்தா மஞ்சள் பட்ட அடையாளமாத்தான் இருக்கும். எகிப்துப் புத்தகத்தில இது இராது.

கிளிப் லென்ஸ்தான் உண்மையா என்னைச் சந்தோசப்படுத்தினது. மியூசியத்தில குண்டூசித் தலையிலும் சின்னத் துண்டு எடுத்து, ரெசின்ல புதைச்சு, தேய்ச்சு, குறுக்குவெட்டா மைக்ரஸ்கோப்பில பாப்பினம். நாங்கள் ஒண்டும் வெட்டேல்லை, ஏற்கெனவே பெயர்ந்து கிடந்த விளிம்பில லென்ஸை வைச்சு போனைப் பிடிச்சா வெட்டின கேக் மாதிரி அடுக்கு அடுக்காத் தெரியுது, மேல வெள்ளை, வெள்ளை, ஒரு நீலம், திரும்ப வெள்ளை, ஆக அடியில ஒரு காவிச் சிவப்பு. குதிரை ஒரு காலம் சிவப்பு! தலைவர் ஐயா போனை வாங்கி நெடுக நேரம் பாத்தார், கிரைண்டர் கதை அதோட நிண்டுது. வயித்துப் பக்கத்தையும் உள்தொடையையும் தொடாமல் விடுறது, மற்ற இடத்தில உரிஞ்ச பெயின்றை மட்டும் கையால எடுக்கிறது எண்டு முடிவு. எனக்கு முழுத் திருப்தி இல்லை, மேலால பிறகும் எனாமல்தான் வரப்போகுது, ஆனா திருவிழா வரப்போற கோயிலில அதுக்கு மேல கேக்கவும் ஏலாது. எங்கட குதிரை மியூசியத்துச் சாமான் இல்லை, தோளில ஏறி வீதி சுத்துற சாமான்.

கையால எடுக்கிறவைக்கு ஒண்டு: பழைய பெயின்றில ஈயம் இருக்கலாம், மாஸ்க் போடாமல் காய்ஞ்ச தூள் பறக்கத் தேய்க்காதேங்கோ. எகிப்துக்காரர் மஞ்சள் நிறத்துக்குப் பாவிச்ச அரிதாரக் கல்லும் ஆர்செனிக் நஞ்சு உள்ளதுதான், மியூசியத்தில வேலை செய்யிறவையும் கையுறை போட்டுத்தான் தொடுவினம். அந்த அரிதாரம் வெளிச்சம் பட்டாலே வெளிறிப்போற சாமான் வேற, அதால ரோச் இருக்கெண்டு மணிக்கணக்கில ஒரே இடத்துக்கு அடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ, படம் எடுத்தா நிப்பாட்டுங்கோ.

வெடிப்பில மெழுகு உருக்கி விடுவமோ எண்டு ஒரு அண்ணை கேட்டவர். துட்டன்காமுன் கல்லறை 1922ல திறந்த பிறகு அதைத் தோண்டின கார்ட்டர் எண்டவற்ற குழுக்காரர் அதைத்தான் செய்தவை, நிறம் தீட்டின மரப்பெட்டி வெளியால வந்து சில கிழமையில மரம் சுருங்கி பூச்சு எழும்பத் தொடங்க பரபின் மெழுகு விட்டவை. பூச்சு கழண்டு விழாமல் நிண்டது உண்மை. ஆனா உள்ள போன மெழுகை பிறகு எடுக்கிறது பெரும்பாடு, தூசையும் பிடிச்சு வைச்சிருக்கும். இப்பத்தையவை பிறகு வேணுமெண்டா கரைச்சு எடுக்கக்கூடிய மெல்லிய பசையும் ஜப்பான் ரிஸ்யூத் தாளும் பாவிக்கினம். எங்களுக்கு மெழுகை விட முக்கியம் அந்தத் தகரக் கூரை, பகலில அடுப்பு, மாரியில ஈரம், மரம் விரிஞ்சு சுருங்க பெயின்ற் என்ன செய்யும், வெடிக்கத்தான் செய்யும்.

இனி சாமான்ர குறை. பற்றரி கெதியா இறங்குது, ரோச்சின்ர கழுத்தும் நல்லாச் சுடுகுது. போன் கமரா எல்லாத்தையும் நீலமாக்குது, புரோ மோட்டில போய் வைற் பலன்ஸை கையால வைச்சு, ஸ்ராண்டில போனை நிறுத்தினாத்தான் படம் உருப்படியா வருது. கிளிப் லென்ஸின்ர ஸ்பிரிங் மட்டம், கை ஆடினா ஃபோகஸ் போயிடும். போடுற மஞ்சள் மூக்குக்கண்ணாடி ஒண்டு கூட வரும் எண்டு போட்டிருந்தவை, வரேல்லை, யூவி தடுக்கிற கண்ணாடி வேற வாங்கினன், அது இல்லாமல் அடிக்காதேங்கோ, சின்னப் பிள்ளையளின்ர கையிலும் குடுக்காதேங்கோ. நல்ல பக்கம், வளவில தேள் பிடிக்க இதைப்போல சாமான் இல்லை, விறகுக்குள்ள கிடந்தாலும் பச்சையா எரியும், வீட்டில இப்ப என்னைவிட அம்மாதான் ரோச்சைக் கூடப் பாவிக்கிறா.

ரோச்சுக்கு நாலு ஸ்ரார், லென்ஸுக்கு மூண்டரை, பெட்டியில அடிச்ச புளுகுக்கு ஒண்டும் இல்லை. கடையளில காசு செக் பண்ண வைச்சிருக்கிற 395 ரோச் இந்த வேலைக்குச் சரிவராது, அதின்ர ஊதா வெளிச்சமே எல்லாத்தையும் மூடிப்போடும். 365 எண்டு சொல்லி 395ஐ அனுப்புறவங்களும் இருக்கிறாங்கள், வந்த உடன இருட்டில ஒரு எவர்சில்வர் தட்டில அடிச்சுப் பாருங்கோ, தட்டு கிட்டத்தட்ட இருட்டாவே கிடந்தா சாமான் சரி, ஊதாவா பளிச்செண்டு அடிச்சா அண்டைக்கே திருப்பி அனுப்புங்கோ.