உதிரிபாகக் கிடங்கில் உயரத்தைப் பயன்படுத்த நான்கு வழிகள்: ஓர் ஒப்பீட்டு அலசல்

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்தில் இப்போது எழும் பெரிய கிடங்குகள் பல, உள்ளே 12 மீட்டர் வரை தடையற்ற உயரம் கொண்டவை. வாடகையோ தரையின் சதுர அடிக்குத்தான் கணக்கிடப்படுகிறது. அதனால் வாகன உதிரிபாகக் கிடங்கு ஒன்றை வடிவமைக்க உட்காரும் எவருக்கும், தலைக்கு மேலே காலியாகக் கிடக்கும் இடத்தை எப்படி நிரப்புவது என்பதே முதல் கவலையாக இருக்கிறது. கவலை நியாயமானதுதான். ஆனால் மேலே வைத்த ஒவ்வொரு பெட்டியையும் ஒருநாள் யாரோ ஒருவர் அல்லது ஏதோ ஓர் இயந்திரம் கீழே கொண்டுவர வேண்டும் என்பதையும், அந்த வேலை நாளுக்கு எத்தனை முறை நடக்கும் என்பதையும் முதலில் எண்ணிவிட்டுத்தான் உயரத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஒப்பிடுவதற்கு வசதியாக ஒரு மாதிரிக் கிடங்கை எடுத்துக்கொள்வோம். அதில் 24,000 வகைப் பாகங்கள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 5,000 ஆர்டர் வரிகள் வருகின்றன; ஓர் ஆர்டரில் ஒரு வகைப் பாகத்தைக் கேட்கும் பதிவு ஒரு வரி. இரண்டு ஷிப்டுகளில் இடைவேளைகள் போக உண்மையில் வேலை நடக்கும் நேரம் 14 மணி. ஆக மணிக்குச் சுமார் 357 வரிகளை எடுத்தாக வேண்டும். பாகங்கள் பல்பு, கேஸ்கெட், ஆயில் ஃபில்டரில் தொடங்கி பம்பர், சைலன்சர், கதவுத் தகடு வரை நீள்கின்றன. ஆர்டர்களிலும் இரண்டு வகை உண்டு. டீலர்கள் கையிருப்புக்காகப் போடும் ஸ்டாக் ஆர்டரில் நூறு, இருநூறு வரிகள் இருக்கும், நிதானமாக எடுக்கலாம். வண்டி பட்டறையில் நகர முடியாமல் நிற்கிறது என்று வரும் வி.ஓ.ஆர். ஆர்டரில் ஒன்றிரண்டு வரிகள்தான் இருக்கும், ஆனால் அன்றைய மாலை லாரியை அது தவறவிடக் கூடாது.

கிடங்கை நடத்தும் செலவில் பாதிக்கு மேல் பொருள் எடுக்கும் வேலைக்கே போகிறது என்றும், பிக்கரின், அதாவது பொருள் எடுப்பவரின், நேரத்தில் ஏறத்தாழ 50 விழுக்காடு நடப்பதிலும் 20 விழுக்காடு தேடுவதிலும் இன்னொரு 15 விழுக்காடு ஆயத்தம் முதலிய வேலைகளிலும் கழிய, கையை நீட்டிப் பொருளை எடுப்பதற்கு 15 விழுக்காடுதான் மிஞ்சுகிறது என்றும் கிடங்கியல் பாடநூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றன. ஒரே தளத்தில் நடக்கும் வேலையின் கணக்கே இப்படியென்றால், அதோடு ஏற்ற இறக்கமும் சேரும்போது என்ன ஆகும் என்பதில்தான் நான்கு வழிகளும் வேறுபடுகின்றன.

முதல் வழி, 9, 10 மீட்டர் உயர ரேக்குகளைக் குறுகிய சந்துகளுடன் நிறுத்தி, ஆளைக் கூண்டோடு தூக்கிச் செல்லும் ஆர்டர் பிக்கர் வண்டிகளைக் கொண்டு எடுப்பது. கட்டுமானம் எளிது, நடுவில் தளம் எதுவும் இல்லாததால் உயரம் முழுவதும் சரக்குக்கே பயன்படும். ஆனால் வண்டி மேலேறும் வேகம் நொடிக்கு 0.3 மீட்டர் அளவில்தான் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு இடங்களுக்கு இடையே சராசரியாக 3 மீட்டர் உயர வேறுபாடு என்று வைத்தால், ஏற்ற இறக்கத்துக்கு 10 நொடி. சந்துக்குள் ஊர்ந்து செல்ல 10 நொடி. சந்து விட்டுச் சந்து மாறுவதில் ஒரு வரியின் பங்காக 20 நொடி. வண்டியைச் சரியாக நிறுத்தி, லேபிளைத் தேடி, ஸ்கேன் செய்து, எண்ணி எடுக்க 40 நொடி. மொத்தம் 80 நொடி, அதாவது ஒரு வண்டிக்கு மணிக்கு 45 வரிகள். நம் மாதிரிக் கிடங்குக்கு 8 வண்டிகளும் 8 ஓட்டுநர்களும் ஷிப்டு முழுக்க ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

தரையின் மீதும் இந்த முறை கடுமையான நிபந்தனை விதிக்கிறது. இரு சக்கரங்களுக்கு இடையே 1 மீட்டர் அகலம் இருக்கும் வண்டியின் ஒரு பக்கத் தரை 3 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால், 9 மீட்டர் உயரத்தில் கூண்டு 27 மில்லிமீட்டர் சாய்ந்து நிற்கும். பாதுகாப்புப் பட்டை மாட்டிக்கொண்டு அங்கே நிற்பவர், கையடக்கமான கிளிப் பாக்கெட் ஒன்றுக்காகக் கூண்டின் விளிம்பைத் தாண்டிக் கையை நீட்டும்போது அந்தச் சாய்வை உடம்பால் உணர்வார்; உணர்ந்ததும் வேகத்தைக் குறைப்பார். அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் வேலை பார்த்த ஒரு கிடங்கில் இப்படி ஆறு சந்துகளும் மூன்று வண்டிகளும் இருந்தன. சரக்கு வந்தவுடன் எங்கே காலியாக இருக்கிறதோ அங்கே ஏற்றும் பழக்கத்தால், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் பேட் மூன்றும் இரண்டாம் சந்திலேயே போய்ச் சேர்ந்துவிட்டன. மாதக் கடைசியில் டீலர்களின் ஆர்டர்கள் குவிந்தபோது மூன்று வண்டிகளுக்கும் அந்தச் சந்துதான் தேவைப்பட்டது. உள்ளே ஒன்றையொன்று தாண்ட வழியில்லாததால் ஒன்று உள்ளே நுழைய, மற்ற இரண்டும் சந்தின் வாயிலில் காத்து நின்றன. மாலை லாரி பாதிச் சரக்கோடு புறப்பட்டது. ஓட்டுநர்களின் சோம்பல்தான் காரணம் என்று கூட்டத்தில் பேசப்பட்டது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. தவறு இருந்தது பாகங்களுக்கு இடம் ஒதுக்கிய விதத்தில்தான். ஆனாலும் இந்த வண்டிக்கென்று ஓர் இடம் உண்டு. பம்பர், சைலன்சர் குழாய், கதவு ரப்பர் போல நீளமாகவும் பெரிதாகவும் இருந்து, எப்போதாவது ஒருமுறை மட்டுமே கேட்கப்படும் பாகங்களுக்கு இதைவிட நல்ல முறையை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வழி மெசனைன், அதாவது இரும்புத் தூண்களில் இரண்டோ மூன்றோ தளங்கள் எழுப்பி, ஒவ்வொரு தளத்திலும் ஆள் உயர ஷெல்ஃப்களை அடுக்கி, பிக்கர்கள் ட்ராலியோடு நடந்தே எடுப்பது. தளப் பலகை, அதைத் தாங்கும் உத்தரம், விளக்கு, தீயணைக்கும் தெளிப்பான் குழாய் எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு தளத்துக்கும் 30 சென்டிமீட்டர் அளவு உயரத்தைத் தின்றுவிடும் என்பது இதன் நட்டம். ட்ராலி மட்டும் போகும் சந்துக்கு 1 மீட்டர் அகலம் போதும் என்பதும், ஒரே சந்தில் இரண்டு மூன்று பேர் ஒதுங்கி வேலை செய்யலாம் என்பதும் இலாபம்.

மெசனைன் முறையின் வெற்றியும் தோல்வியும் ஒரே ஒரு முடிவைப் பொறுத்தவை: பிக்கர் படி ஏறுவாரா, மாட்டாரா? ஓர் ஆர்டரை ஒருவரே முழுதாக எடுக்க வேண்டும் என்று வைத்தால், அவர் கீழ்த் தளத்தில் நான்கு வரி எடுத்து, ட்ராலியை அங்கேயே விட்டுவிட்டு, மூன்றாம் தளத்துக்கு ஓர் ஓ-ரிங்குக்காக ஏறி இறங்குவார். ஒரு ஷிப்டில் அப்படி முப்பது முறை ஏறியவரின் முழங்காலைக் கேட்டால் தெரியும் அந்த வடிவமைப்பின் தரம். ஆகவே தளத்துக்குத் தனித்தனி ஆள் நிறுத்த வேண்டும். ஒவ்வொருவரும் பத்து ஆர்டர்களைச் சேர்த்து ஒரே சுற்றில் எடுத்தால், அடுத்தடுத்த இடங்களுக்கு நடை 8 மீட்டராகக் குறையும். 8 நொடி நடை, 30 நொடி தேடி எடுத்துப் பிரித்துப் போட, ஆக 38 நொடி. ஓய்வு, கைமாற்றம் எல்லாம் கழித்து மணிக்கு 70 வரிகள் என்று பாதுகாப்பாகக் கொள்ளலாம். எடுக்க 5 அல்லது 6 பேர், கீழே ஆர்டர் வாரியாக ஒன்றுசேர்க்க 2 பேர். வண்டி முறையில் தேவைப்பட்ட அதே எண்ணிக்கை ஆட்கள்தான், ஆனால் விலை உயர்ந்த 8 வண்டிகள் தேவையில்லை.

அந்த ஒன்றுசேர்க்கும் வேலையை ஒப்பந்த விலைப்பட்டியலில் யாரும் காட்டுவதில்லை. மூன்று தளங்களில் பிரிந்து எடுத்த ஒரே ஆர்டரின் பொருள்கள் கீழே வந்து சேரும்வரை, ஏற்கெனவே வந்தவை காத்திருக்க ஓர் இடம் வேண்டும். எந்தப் பெட்டியில் எது குறைகிறது என்று தெரிய வேண்டும். வேகமாக ஓடும் பாகங்களை எந்தத் தளத்தில் வைப்பது என்ற கேள்வி இங்கேதான் முக்கியமாகிறது. எல்லாத் தளங்களிலும் வேலை சமமாக இருக்க வேண்டும் என்று அவற்றைப் பரப்பி வைக்கச் சொல்வது ஒரு தரப்பு. எல்லாவற்றையும் கீழ்த் தளத்தில் குவிக்கச் சொல்வது இன்னொரு தரப்பு. முதல் முறையில் ஏறத்தாழ ஒவ்வொரு ஆர்டரும் மூன்று தளங்களையும் தொட்டுவிடும், எனவே ஒன்றுசேர்க்கும் மேசை திணறும். இரண்டாவதில் கீழ்த் தளத்துச் சந்துகளில் ட்ராலிகள் முட்டிக்கொள்ளும்.

நான் இரண்டாவதன் பக்கமே நிற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. அடிக்கடி கேட்கப்படும் பாகங்களைக் கீழ்த் தளத்தில், முழங்காலுக்கும் தோளுக்கும் இடைப்பட்ட தட்டுகளில் வைத்து, அங்கே மட்டும் சந்தை 1.5 மீட்டராக அகலப்படுத்த வேண்டும். நடுத்தர ஓட்டம் உள்ளவை இரண்டாம் தளத்துக்கு. மாதத்துக்கு ஒருமுறைகூட அசையாதவை மூன்றாம் தளத்துக்கு. அங்கே நாள் முழுக்க ஆள் வைக்காமல், காலையும் மதியமும் இரண்டு சுற்றாக ஏறி மொத்தமாக எடுத்து இறக்கினால் போதும். ஸ்டாக் ஆர்டர் அந்தச் சுற்றுக்காகக் காத்திருக்கலாம். வி.ஓ.ஆர். வந்தால் மட்டும் தனியாக ஒருவர் ஏற வேண்டியிருக்கும். பாகத்தின் இருப்புக்குத் தேவைப்படும் இடத்தின் அளவை அது கேட்கப்படும் தடவைகளால் வகுத்து, சிறிய விடை வருவதை அருகில் வை என்று கிடங்கியல் ஆய்வாளர் ஹெஸ்கெட் 1963-இல் முன்வைத்த எளிய கணக்கு, எதைக் கீழே வைப்பது என்று முடிவு செய்ய இன்றும் போதுமானது.

இரண்டு சின்ன விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். தளங்கள் ஒன்றுபோலவே இருப்பதால் 2-பி-17 என்ற இடத்துக்குப் பதில் 3-பி-17-இல் புதுச் சரக்கை வைத்துவிட்டுப் போகும் பிழை அடிக்கடி நேரும். தளத்துக்கு ஒரு நிறத்தில் லேபிள் ஒட்டினால் அது பெருமளவு நின்றுவிடும். தளப் பலகைக்குப் பதிலாக இரும்புக் கம்பிச் சட்டம் போட்டால் காற்றும் தெளிப்பான் நீரும் கீழே இறங்கும். ஆனால் மேலே கைதவறிய நட்டு கீழே நடப்பவரின் தலையில் விழும். பலகையா சட்டமா என்பதைத் தீயணைப்பு வடிவமைப்பாளரோடு உட்கார்ந்து முடிவு செய்யாமல் இரும்புக்கு ஆர்டர் கொடுக்கக் கூடாது.

மூன்றாவது வழி, தட்டுகளை உள்ளே அடுக்கி வைத்திருக்கும் உயரமான அலமாரி இயந்திரம். கார்டெக்ஸ், மாடுலா போன்ற நிறுவனங்கள் இவற்றைச் செய்கின்றன. நடுவில் ஒரு லிஃப்ட் ஏறி இறங்கி, கேட்ட தட்டை இடுப்பு உயர வாசலுக்குக் கொண்டுவரும். ஆள் நடப்பதில்லை, ஆனால் தட்டு வர அரை நிமிடம் ஆகும், அந்த நேரம் அவர் காத்திருப்பார். ஒருவரே இரண்டு மூன்று இயந்திரங்களை மாற்றி மாற்றிக் கவனித்தால் அந்தக் காத்திருப்பு மறையும். சென்சார், வண்டியின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியான இ.சி.யூ., சாவித் தொகுதி போலச் சிறியதும் விலை உயர்ந்ததுமான பாகங்களுக்கு இது மிகப் பொருத்தம், ஏனென்றால் யார் எந்தத் தட்டைத் திறந்தார் என்ற பதிவு தானாகவே இருக்கும். மின்சாரம் போனால் உள்ளே கையை விட்டு எடுக்க வழி இல்லை. ஜெனரேட்டர் இணைப்பில் இதைச் சேர்க்க மறந்த இடங்களில் வி.ஓ.ஆர். ஆர்டர் கண்ணெதிரே கிடந்தும் போகாது.

நான்காவது, நார்வேயில் 1996-இல் தொடங்கிய ஆட்டோஸ்டோர் முறை. அலுமினியச் சட்டத்துக்குள் பிளாஸ்டிக் தொட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சந்தே இல்லாமல் அடுக்கி, உச்சியில் ஓடும் ரோபோக்கள் தொட்டியைத் தூக்கி எடுத்து ஆளிடம் சேர்க்கும். அடியில் உள்ளது வேண்டுமென்றால் மேலே உள்ளவற்றை அகற்றித் தோண்ட வேண்டும். ஆனால் அடிக்கடி கேட்கப்படும் தொட்டிகள் திரும்ப வைக்கும்போது மேலேயே தங்கிவிடுவதால் அடுக்கு தன்னைத்தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. இந்த ஒன்றுக்காகவே அந்த வடிவமைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. இட அடர்த்தியில் மற்ற மூன்றும் இதன் அருகே வர முடியாது. இருந்தும் உதிரிபாகக் கிடங்குக்கு இதை நான் பரிந்துரைக்கத் தயங்குகிறேன். தொட்டி சுமார் 60 சென்டிமீட்டர் நீளமும் 40 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது, தாங்கும் எடை 30 கிலோ. பம்பரும் சைலன்சரும் உள்ளே போகாது, ஆகவே அவற்றுக்கு இரண்டாவது கிடங்கு ஒன்றை எப்படியும் நடத்தியாக வேண்டும். தீ பற்றியும் யோசிக்க வேண்டும். இங்கிலாந்தின் ஆண்டோவரில், இதே போன்று ரோபோக்கள் உச்சியில் ஓடும் தன் சொந்த அடுக்கு முறையை வைத்திருந்த ஒக்காடோ நிறுவனத்தின் கிடங்கு, 2019 பிப்ரவரியில் மின்கலம் சார்ஜ் செய்யும் பகுதியில் தொடங்கிய தீயால் அழிந்தது.

கீவா வகை ரோபோக்களை நான் கணக்கில் எடுக்கவில்லை. அமேசான் 2012-இல் 77.5 கோடி டாலருக்கு வாங்கிய அந்த முறையில் ரோபோ தூக்கிச் செல்லும் ஷெல்ஃப் ஆளைவிடச் சற்றே உயரம். 12 மீட்டரை நிரப்ப அதற்கும் தளங்கள் கட்டியே ஆக வேண்டும்.

நம் மாதிரிக் கிடங்குக்கு என்றால், மூன்று தள மெசனைன், வாசலருகே இரண்டு அல்லது மூன்று தட்டு இயந்திரங்கள், பின்சுவரை ஒட்டி இரண்டு சந்துகளில் பம்பர் வகைகளுக்கு ஆள் ஏறும் வண்டி ஒன்று என்று பிரித்துத்தான் நான் வரைவேன். சரக்கு லிஃப்ட் இரண்டு வேண்டும், அவை எதிரெதிர் மூலைகளில் இருக்க வேண்டும்; ஒன்று மட்டும் இருந்து அது பழுதானால் மேல் தளங்கள் இரண்டும் செயலற்றுப் போகும். கூரைத் தகட்டுக்கு வெப்பத் தடுப்பு இல்லாமல் மூன்றாம் தளத்தை அங்கீகரிக்கக் கூடாது. அக்னி நட்சத்திரத்து மதியத்தில் சூடான காற்று முழுவதும் தகட்டுக்கு அடியில் போய்த் தேங்கும். அங்கே நிற்பவரின் வியர்வை ஸ்கேனர் திரையில் சொட்டும், கையில் பிடித்த பேப்பர் நனையும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் தண்ணீருக்கு இறங்குவார். மேல் தளத்துச் சுற்றை மே மாதத்தில் காலை 8 மணிக்கும் மாலை 5 மணிக்கும் மாற்றி வைத்தால் அதே ஆட்கள் அதே வரிகளைத் துன்பமின்றி எடுக்கிறார்கள் என்பதால், ஆர்டர் ஏற்கும் கடைசி நேரத்தை டீலர்களோடு பேசும்போதே இந்த நேரங்களையும் சேர்த்து எழுதிக்கொள்வது நல்லது.