உமி கேஸ் பிளான்ட்: டெல்டா அரிசி ஆலைக்கு ஒத்துவருமா?

உமியை அரைகுறையாக எரித்து, வரும் வாயுவில் ஜெனரேட்டரை ஓட்டுவதுதான் உமி கேஸ் பிளான்ட். தஞ்சாவூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்க ஆலைகளுக்குப் பொருந்தும் பிளான்ட்டுகள், பெயர்ப்பலகை எதுவானாலும், பெரும்பாலும் ஒரே அமைப்புதான். மேலே திறந்த உருளை உலை, அடியில் சுழலும் தட்டு, அதற்குக் கீழே சாம்பல் விழும் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் வாயுவைத் தண்ணீரால் கழுவும் ஸ்க்ரப்பர், வரிசையாக மரத்தூள் நிரப்பிய ஃபில்டர்கள், கடைசியில் ஜெனரேட்டர். விற்க வருபவர் உலையைத்தான் சுற்றிச் சுற்றிக் காட்டுவார். உங்கள் காசு கரையப்போவது ஃபில்டர் பக்கம்.

வாயுவைச் சுத்தம் செய்வது இருநூறு வருஷத்துத் தலைவலி. வில்லியம் மர்டாக் 1792-இல் கார்ன்வாலில், மூடிய கலத்தில் நிலக்கரியைச் சுட்டு வந்த வாயுவால் தன் வீட்டுக்கு விளக்கேற்றினார். வாயு சுலபமாக வந்தது. கூடவே தாரும் அமோனியாவும் கந்தக நாற்றமும் வந்தன. 1812-இல் லண்டனில் கேஸ் கம்பெனி சாசனம் பெற்றபோதும் வாயுவைச் சுண்ணாம்பில் கழுவுவதே பெரும்பாடு. பிறகு 1856-இல் பெர்க்கின், தாரிலிருந்து கிடைக்கும் அனிலினைக் கொண்டு ஊதாச் சாயம் செய்தார். கழிவுக்கு விலை வந்தது. உமித் தாருக்கு அந்த யோகம் இன்னும் வாய்க்கவில்லை.

இரண்டு வாயுவையும் ஒன்றாக நினைக்க வேண்டாம். நிலக்கரி வாயுவில் ஏறக்குறைய பாதி ஹைட்ரஜன், கணிசமாக மீத்தேன். கன மீட்டருக்கு 4,500 கிலோ கலோரி வாக்கில் சூடு. உமியை நாம் காற்று விட்டு அரைகுறையாக எரிக்கிறோம். அதனால் வரும் வாயுவில் பாதி நைட்ரஜன்; எரிகிற பங்கு பெரும்பாலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும். சூடு 1,000 கிலோ கலோரி சுமார்தான். சிலிண்டரில் அடைத்து வைக்க லாயக்கில்லை, வரவர எரிக்க வேண்டும்.

“போர்க்காலத்தில் பஸ்ஸே கரி கேஸில் ஓடியதே” என்று ஒரு வாதம் வரும். ஓடியது உண்மை. ஆனால் அது மரக்கரி. கரி சுடும்போதே தார் பெரும்பாலும் போய்விடுகிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியைச் சுட்டுச் செய்த லெகோ கட்டி புகையில்லாமல் எரிந்ததும் இதே காரணத்தால்தான். உமி பச்சையாக உலைக்குள் இறங்குகிறது; தார் முழுவதும் உங்கள் குழாய்க்குள்.

கணக்கு இது. ஒரு டன் நெல்லுக்குச் சுமார் 200 கிலோ உமி. வாயுவில் மட்டும் ஓடும் எஞ்சினில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 2 கிலோ வாக்கில் உமி போகும். ஆக ஒரு டன் நெல்லின் உமி 100 யூனிட். நெல் அவிக்கும் பாய்லரும் அதே உமியைத்தான் கேட்கும் என்பதை மறந்துவிட்டுக் கணக்குப் போடாதீர்கள். டீசலோடு கலந்து ஓட்டினால் டீசலில் 60–70% மிச்சமாகும். எஞ்சின் பலம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்று வைத்து, ஒரு சைஸ் பெரிய ஜெனரேட்டராகப் பாருங்கள்.

உமியின் தரம்தான் பாதி வெற்றி. ரப்பர் ரோல் மெஷினிலிருந்து வரும் முழு உமி நன்றாக இறங்கும். பழைய ரக ஹல்லர் மெஷினின் உமியில் தவிடும் நொய்யும் கலந்திருக்கும்; காற்று ஊடுருவாது, உலை மூச்சு முட்டும். ஊர்ப்புற ஹல்லர் மில்லுக்கு இந்த பிளான்ட் வேண்டவே வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் திறந்தவெளியில் குவித்த உமியும் ஆகாது. ஈரம் 15 சதவீதத்தைத் தாண்டினால் உலைச் சூடு இறங்கி வெள்ளைப் புகை வரும். அந்தப் புகை நீராவியும் தாரும்.

உமியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா. சூடு எல்லை மீறினால் சாம்பல் உருகிக் கட்டி தட்டி, சுழலும் தட்டைப் பிடித்துக்கொள்ளும். சில சமயம் நடுவில் உமி பாலம் கட்டி நிற்க, அடியில் பொந்து விழும். கம்பியால் குத்திவிட ஓர் ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். “தானே ஓடும்” என்ற பேச்சை நம்ப வேண்டாம்.

எஞ்சினுக்குப் போகும் வாயுவில் தார் கன மீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். செயல்விளக்கத்தில் கடைசி ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் குழாயில் வெள்ளைத் துணி பிடிக்கச் சொல்லுங்கள். பழுப்பு ஏறினால் வால்வு ஒட்டிக்கொள்ளப் போகிறது என்று அர்த்தம். இந்தச் சோதனையைக் குறைந்த லோடிலும் செய்ய வேண்டும். லோடு இறங்கினால் உலை ஆறும், தார் கூடும். பற்றவைத்து நல்ல சுடர் வரவே கால் மணி நேரமாகும் என்பதால் அரை மணி நேர மின்வெட்டுக்காக இதை வாங்குவது வீண். ஒவ்வொரு ஃபில்டருக்கும் முன்னும் பின்னும் அழுத்தம் காட்டும் தண்ணீர்க் குழாய் உண்டா பாருங்கள். மரத்தூளை மாற்றும் நேரத்தை அதுதான் சொல்லும், காலண்டர் சொல்லாது.

ஸ்க்ரப்பர் தண்ணீர் கறுத்து, பினாயில் வாடை அடிக்கும். அது வாய்க்காலில் போனால் பக்கத்து வயல்காரர் சும்மா இருக்க மாட்டார், இருக்கவும் கூடாது. இரண்டு சிமென்ட் தொட்டி கட்டி, தெளியவைத்துத் திரும்பச் சுற்ற விடும் செலவையும் விலையோடு சேர்த்துக் கேளுங்கள்.

ஆபத்து ஓடும்போது குறைவு, நிறுத்திய பிறகுதான் அதிகம். ஓடும்போது உள்ளே உறிஞ்சல் இருப்பதால் வாயு வெளியே கசியாது. ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போய் வெடிச் சத்தம் கேட்கும். நிறுத்தியதும் உறிஞ்சல் நிற்கும், உலையோ கனன்றுகொண்டிருக்கும். அப்போது கசியும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. நாலு பக்கமும் திறந்த கொட்டகையில் வையுங்கள்; இரவுக் காவலாளி கட்டில் அங்கே வேண்டாம்.

தினம் எட்டு மணி நேரத்துக்கு மேல் ஒரே சீரான லோடில் ஓடும், ரப்பர் ரோல் வைத்த ஆலைக்கு மின்சாரத்துக்காக வாங்கலாம். மற்றவர்களுக்கு, நெல் காயவைக்கும் டிரையருக்கு மட்டும் சூடு கொடுக்கும் பிளான்ட் போதும். அதில் வாயுவைக் கழுவ வேண்டியதில்லை, சூடாகவே பர்னரில் விட்டால் தாரும் சேர்ந்து எரிந்துவிடும். டிரையருக்குள் எரிந்த புகையை நேரே விடாமல் சூட்டை மட்டும் காற்றுக்கு மாற்றும் அமைப்பு இருக்க வேண்டும், இல்லையென்றால் அரிசியில் வாடை ஏறும். குழாய் குட்டையாக, சூடு இறங்காதபடி சுற்றப்பட்டிருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் துடைக்க ஒரு மூடி கேளுங்கள். மூடி இல்லாத குழாயை லாரியிலிருந்து இறக்கவே விடாதீர்கள்.