சமயவியல் எம்.ஏ.வா, இறையியல் பி.டி.யா?

டிகிரி முடித்துவிட்டு, சமயத்தைப் படிக்க வேண்டும் என்று வருகிற பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். (பி.டி. என்பது Bachelor of Divinity, கிறித்தவ இறையியல் பட்டம்.)

எங்கே?
எம்.ஏ.: சென்னைப் பல்கலைக்கழகத்தில் சைவ சித்தாந்தம், வைணவம், சமணவியல், கிறித்தவ இயல் எனத் தனித்தனித் துறைகள் உண்டு.
பி.டி.: மதுரை அரசரடி இறையியல் கல்லூரி போன்றவற்றில். பட்டம் தருவது மேற்கு வங்கத்தின் செராம்பூர் கல்லூரி. அப்போது அவ்வூர் டென்மார்க்கின் ஆட்சியில் இருந்தது. 1827இலேயே டென்மார்க் மன்னரிடம் பட்டம் வழங்கும் உரிமை பெற்ற இடம் அது!

காலம்?
எம்.ஏ. 2 ஆண்டு. பி.டி.க்கு அதைவிட அதிகம். பெரும்பாலும் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும்.

பார்வை?
எனக்கு இதுதான் முக்கியம். எம்.ஏ.வில் உங்கள் நம்பிக்கையை யாரும் கேட்க மாட்டார்கள். ஒரு நூல் எப்போது எழுந்தது, யாருக்காக, சடங்கு எப்படி மாறியது என்று வெளியே நின்று ஆராய்வீர்கள். பி.டி.யிலும் விமர்சன வாசிப்பு உண்டு. எபிரேயமும் கிரேக்கமும் கற்று விவிலியத்தை வரிவரியாகப் பிரித்துப் பார்ப்பார்கள். ஆனால் அங்கே எழும் கேள்வி திருச்சபைக்குள் இருந்து எழுவது. அந்த மொழிப்பயிற்சியின் ஆழம் எம்.ஏ.வில் கிடைப்பது அரிது.

வேலை?
எம்.ஏ.: ஆய்வு, கற்பித்தல். கல்லூரி ஆசிரியர் பணிக்கான யு.ஜி.சி. நெட் தகுதித் தேர்வில் சமயங்களின் ஒப்பாய்வுக்குத் தனிப்பாடமே உண்டு. பணியிடங்கள் குறைவு, அதை மறைக்க விரும்பவில்லை.
பி.டி.: திருச்சபையில் ஆயர் (போதகர்) பணி.

சரி, யாருக்கு எது? அருட்பொழிவு பெற, அதாவது ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட நினைப்பவருக்கு பி.டி. பல சமயங்களையும் ஒரே கண்ணால் பார்க்க விரும்புகிறவர், எந்தச் சமயத்தவரானாலும், தயங்காமல் எம்.ஏ.வில் சேரலாம்.