நீர்வண்ணமா, அக்ரிலிக்கா?
திருகோணமலைக் கோட்டைக்குள் மான்கள் மேயும் பாதையைக் கடந்து கோணேசர் கோவிலுக்கு ஏறும் காலைகளில் என் பையில் நீர்வண்ணம்தான் இருக்கும். கடலும் வானமும் ஒன்றாகிப்போகும் அந்த வெளிச்சத்துக்குத் தாளின் வெண்மையே போதும். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த தாள் ஈரத்தில் அதிகம் நெளியாது. கடற்காற்றின் ஈரத்தால் வண்ணம் மெதுவாகக் காய்வது எனக்கு வரம்: ஒரு நீலம் இன்னொரு நீலத்துக்குள் தானாகவே பரவுகிறது. பிழை நேர்ந்துவிட்டால் மூடி மறைக்க முடியாது. அந்தப் பயம்தான் கையைக் கவனமாக வைத்திருக்கிறது.

அக்ரிலிக்குக்கு வேறு குணம். காய்ந்தபின் நீரில் கரையாது, அடுக்கடுக்காகப் பூசலாம். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளை வரைய அதுவே பொருத்தம். ஆனால் உச்சி வெயிலில் கலவைத் தட்டிலேயே இறுகிவிடும். உள்துறைமுகத்தின் அந்திநேரம் மட்டும் இரண்டிலும் இன்னும் எனக்கு அகப்படவில்லை.