கிறுகிறுப்புக்கு மாத்திரையா, எப்ளி முறையா?

சென்ற மார்கழியில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு வாசலில் புள்ளிக் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தபோது தெருவே சுழன்றது. அதன்பின் படுக்கையில் வலப்பக்கம் புரண்டாலும், கொடியில் துணி போட அண்ணாந்தாலும் அரை நிமிடம் சுற்றி நின்றுவிடும். முதலில் பார்த்த மருத்துவர் மாத்திரை மட்டும் எழுதிக்கொடுத்தார். இரண்டு வாரம் கழித்து வேறொரு பொதுமருத்துவர், தலையையும் உடலையும் வரிசையாகத் திருப்பிக் காதுக்குள் இருக்கும் துகள்களை நகர்த்தும் எப்ளி முறையைச் செய்தார். இரண்டையும் அனுபவித்த பின் என் மனம் எப்ளியின் பக்கமே சாய்கிறது.

உட்செவியில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள்கள் இடம் பெயர்ந்து, தலையின் அசைவை உணரும் வளைந்த குழாயான அரைவட்டக் கால்வாய் ஒன்றுக்குள், பெரும்பாலும் பின்கால்வாய்க்குள், விழுந்துவிடுவதே இந்தத் தலைச்சுற்றலுக்குக் காரணம். சின்னாரிசின், புரோகுளோர்பெரசின் போன்ற மாத்திரைகள் குமட்டலை அடக்குமே தவிர, துகளை நகர்த்துவதில்லை. குமட்டல் கடுமையாக இருக்கும் ஓரிரு நாளுக்கு அவை உதவும் என்பதை மறுக்க மாட்டேன். பலருக்குச் சில வாரங்களில் சுற்றல் தானாகவே நின்றுவிடுவதும் உண்மை.

எப்ளிக்கு முன்னால், எந்தக் காது என்று அறிய டிக்ஸ்-ஹால்பைக் பரிசோதனை செய்வார்கள். மருத்துவர் என் தலையை வலப்புறம் 45 டிகிரி திருப்பி, சட்டென்று மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை மேசையின் விளிம்புக்கு அப்பால் சற்றுத் தொங்கவிட்டார். சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு, நிறுத்தி வைத்திருந்த மின்விசிறி கூரையோடு சேர்ந்து சுழலத் தொடங்கியது. அவர் என் கருவிழிகளின் துடிப்பைப் பார்த்து, "வலக் காதுதான்" என்றார். சுற்றல் அடங்கியதும் தலையை இடப்புறம் 90 டிகிரி திருப்பி, பிறகு உடலோடு உருட்டி மூக்கு தரையைப் பார்க்கும்படி வைத்து, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடத்துக்கு மேல் நிறுத்தி, மெல்ல உட்காரவைத்தார். மொத்தமே ஐந்து நிமிடம். அமெரிக்கக் காது மருத்துவர் ஜான் எப்ளி 1992இல் விவரித்த இந்த முறைக்கு ஒரு படுக்கையும், பழகிய கையும் போதும் என்பதால் சிறிய மருத்துவமனையிலும் செய்யலாம்.

செலவையும் நேரத்தையும் விட என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: இந்த நோய் திரும்பி வரும். ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு மறுபடி வரலாம் என்கிறார்கள். அப்படியானால் ஒவ்வொரு முறையும் எதைச் சுமக்கப் போகிறோம் என்பதுதான் கேள்வி. மாத்திரை சாப்பிட்ட இரண்டு வாரமும் பகலெல்லாம் தூக்கம் தூக்கமாக வந்தது. புதுச்சேரியிலுள்ள அக்கா வீட்டுக்கு வண்டியில் போக அஞ்சினேன். இரவில் கழிப்பறைக்கு எழும்போது சுவரைப் பிடித்தே நடந்தேன். வயதானவர்களுக்கு இந்த மந்தமே விழுந்து இடுப்பெலும்பு முறியக் காரணமாகலாம். சின்னாரிசினை மாதக்கணக்கில் தொடர்ந்தால் கைநடுக்கம், நடைத்தளர்ச்சி போன்றவை வரக்கூடும். அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இந்நோய்க்கு வழக்கமாக இத்தகைய மருந்துகளைத் தர வேண்டாம் என்கிறது. எனக்கு ஆனி மாதம் சுற்றல் திரும்பியபோது, காலையில் போய் எப்ளி செய்துகொண்டு, மறுநாள் மாடியில் வடாம் காயவைத்தேன்.

சிலருக்கு எப்ளி ஒரு தடவையோடு நிற்காமல் இரண்டு, மூன்று தடவை தேவைப்படுவதும் உண்டு. கழுத்தெலும்புத் தேய்மானம் உள்ளவர்கள் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். படுக்கையில் உட்கார்ந்து இருபக்கமும் மாறி மாறிச் சாய்ந்து எழும், வீட்டிலேயே செய்யும் பிராண்ட்-டாராஃப் பயிற்சியை நான் நான்கு நாள்தான் செய்தேன். அதை வைத்து அதன் பலனைப் பற்றித் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, கைகால் பலவீனம், நடக்கவே முடியாத தள்ளாட்டம், திடீர்க் கடும் தலைவலி ஆகியவற்றில் ஒன்று தலைச்சுற்றலோடு சேர்ந்து வந்தால், இந்த ஒப்பீட்டுக்கே இடமில்லை. மாத்திரையும் வேண்டாம், எப்ளியும் வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.